100 மி.மீ. அலுமினியக் கட்டையில் 85 மி.மீ. ஆழத்தில் ஒரு எக்கோ: உண்மையான குறைதானா?

கேள்வி: தொட்டிக்காரன், கோவை

எங்கள் ஆய்வகத்தில் 6061 அலுமினிய ஃபோர்ஜிங் கட்டைகளைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து மீயொலிச் சோதனை செய்கிறோம். தடிமன் 100 மி.மீ. ப்ரோப் (ஒலியை அனுப்பித் திரும்பும் எக்கோவை, அதாவது எதிரொலியை, வாங்கும் கருவி) 5 மெகாஹெர்ட்ஸ், அரை அங்குல விட்டம், ஃபோகஸ் (ஒலியை ஒரு புள்ளியில் குவிப்பது) இல்லாதது. ப்ரோபுக்கும் கட்டைக்கும் நடுவே 20 மி.மீ. தண்ணீர்.

மேற்பரப்பு எக்கோவும் அடிப்பக்க எக்கோவும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் இடையில், 85 மி.மீ. ஆழத்தில், இன்னொரு எக்கோ அசையாமல் நிற்கிறது. ஒரு கட்டையில் மட்டும் என்றால் குறை என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இந்த லாட்டில் எல்லாக் கட்டையிலும், எல்லா இடத்திலும் இருக்கிறது. சி-ஸ்கேன் படம் (கட்டையை மேலிருந்து பார்ப்பதுபோல் எக்கோக்களை வண்ணத்தில் காட்டுவது) முழுக்கச் சிவப்பு. மேற்பார்வையாளர், “கேட்டை (படத்துக்காக எக்கோவை எடுத்துக்கொள்ளும் ஆழ வரம்பை) 80 மி.மீட்டரில் முடித்துவிடு, படம் சுத்தமாகிவிடும்” என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: குமிழி

முதலில் தண்ணீரைப் பாருங்கள். குழாயிலிருந்து பிடித்த தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, தொட்டி சூடாகச் சூடாகக் குமிழியாகப் பிரிந்து ப்ரோப் முகத்திலும் கட்டையின் மேலும் ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு தேங்கவிட்டு, மென்மையான தூரிகையால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பதில்: பழைய எக்கோ

குமிழி சொன்னது நல்ல பழக்கம்தான். ஆனால் குமிழி இப்படி வரிசையாக நின்று 85 மி.மீ. காட்டாது. தம்பி, உன் கட்டையில் அந்த ஆழத்தில் ஒன்றுமில்லை. நீ பார்ப்பது தண்ணீரின் எக்கோ.

கணக்குப் போட்டுப் பார். மேற்பரப்பில் பட்டுத் திரும்பிய ஒலி ப்ரோப் முகத்தில் மோதி மறுபடி கீழே போய் மறுபடி திரும்புகிறது. இதுதான் இரண்டாவது மேற்பரப்பு எக்கோ. தண்ணீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர், அலுமினியத்தில் சுமார் 6,300. 20 மி.மீ. தண்ணீரில் போய்வரும் நேரத்துக்குள் அலுமினியத்தில் 85 மி.மீ. ஆழம் போய்த் திரும்பிவிடலாம். உன் கருவிக்கு நேரம் மட்டும்தான் தெரியும். ஒலி தண்ணீரில் அலைந்ததா, உலோகத்தில் அலைந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்? அலுமினியத்தின் வேகத்தைக் கொடுத்திருக்கிறாய், அதை வைத்து 85 என்று எழுதிவிட்டது.

சந்தேகம் இருந்தால் ப்ரோபை ஒரு மில்லிமீட்டர் உயர்த்து. மேற்பரப்பு எக்கோவைத் தொடக்கமாக வைத்துப் பார்த்தால், உண்மையான குறை இருந்த ஆழத்திலேயே நிற்கும். இந்தப் போலி மட்டும் நாலு மில்லிமீட்டருக்கு மேல் கீழே இறங்கும். சி-ஸ்கேன் படத்தை எவ்வளவு நேரம் முறைத்தாலும் இது தெரியாது. ஏ-ஸ்கேனை (எக்கோக்களை நேர வரிசையில் காட்டும் வரைகோட்டை) பார்த்துக்கொண்டே கையால் ப்ரோபை அசைக்க வேண்டும். இப்போது வருகிற பிள்ளைகள் வண்ணப் படத்தையே நம்புகிறார்கள், அது தனி வருத்தம்.

இரண்டாவது மேற்பரப்பு எக்கோ அடிப்பக்க எக்கோவுக்கு அப்பால் போய் விழ வேண்டும். 100 மி.மீ. அலுமினியத்துக்கு 23.5 மி.மீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். கொஞ்சம் தாராளமாக 35 வைத்துக்கொள், போலி 149 மி.மீட்டருக்குப் போய்விடும். ஒப்பீட்டுக் கட்டையையும் (தெரிந்த அளவில் துளை போட்ட கட்டை) அதே 35-இல் மறுபடி ஓட்டிக் கெய்னை (எக்கோவைப் பெருக்கிக் காட்டும் அளவை) சரிசெய். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

கேட்டை 80-இல் முடிக்கும் யோசனையை விட்டுவிடு. கடைசி 20 மி.மீட்டரைப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போடுவது அது. தொட்டியைச் சரியாக அமைத்து முழு ஆழமும் ஓட்டிவிட்டால், பிறகு அந்தக் கட்டையைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

பதில்: டைட்டானியம்

கடைசி வரியில் மட்டும் உடன்பாடில்லை, ஐயா. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விழுந்து 112 பேர் இறந்தார்கள். வால் எஞ்சினின் டைட்டானிய விசிறித் தட்டு உடைந்து, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் முடக்கிவிட்டது. அந்தத் தட்டு தயாரிப்பின்போது மீயொலிச் சோதனையில் தேறியதுதான். உள்ளே நைட்ரஜன் மிகுந்த கடினப் பகுதி ஒன்று இருந்தது. வெற்றிடமோ விரிசலோ இல்லாதவரை அப்படிப்பட்ட பகுதி சுற்றியுள்ள டைட்டானியத்திலிருந்து ஒலிக்குப் பெரிதாக வேறுபட்டுத் தெரியாது. அதன் பிறகுதான், தட்டு செய்ய எடுக்கும் உருளைக் கட்டையை ஆழவாரியாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் தனி ஃபோகஸ் ப்ரோப் வைக்கும் முறை வளர்ந்தது. அலுமினியத்திலும் ஒலியின் திசைக்கு இணையாகப் படுத்திருக்கும் விரிசல் ஒரு பக்கச் சோதனையில் தப்பிவிடலாம்.

பதில்: தொட்டிக்காரன்

35 மி.மீ. தண்ணீர் வைத்தேன், 85-இல் நின்ற எக்கோ போய்விட்டது. ஆனால் ஒரு கட்டையில் 88 மி.மீ. ஆழத்தில் சிறு புள்ளி ஒன்று தெரிகிறது. ப்ரோபை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் 88-இலேயே நிற்கிறது. கேட்டை 80-இல் முடித்திருந்தால் இது படத்திலேயே வந்திருக்காது. கட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து பார்க்கலாமா?

பதில்: பழைய எக்கோ

டைட்டானியம் சொன்னது சரிதான். ‘கவலையே வேண்டாம்’ என்பதை, ‘அந்தத் திசையில் எக்கோ தரக்கூடிய குறையைப் பற்றிக் கவலை வேண்டாம்’ என்று வாசித்துக்கொள்ளவும். அவர் துறையில் அப்படித்தான் பேச வேண்டும்.

தம்பி, திருப்பிப் போடு. உண்மையான குறை என்றால் 12 மி.மீ. ஆழத்தில் வரும். ஆனால் அங்கே இருப்பிடத்தை மட்டும் நம்பு, எக்கோவின் உயரத்தை நம்பாதே. உன் ப்ரோபின் அண்மைப் புலம் (ப்ரோபுக்கு அருகே ஒலியின் வலிமை சீராக இல்லாத பகுதி) 35 மி.மீ. தண்ணீரைத் தாண்டி உலோகத்துக்குள் 24 மி.மீ. வரை போகிறது. அந்த எல்லைக்குள் எக்கோ ஏறி இறங்கி விளையாடும். அளவை முதல் பக்கத்திலிருந்தே எடு. ஏறத்தாழ அதே ஆழத்தில் தட்டையான அடி கொண்ட துளை போட்ட ஒப்பீட்டுக் கட்டையின் எக்கோவோடு பொருத்திப் பார். துளையின் விட்டம் வாடிக்கையாளரின் வரைபடம் கேட்கும் தர வகுப்பின்படி இருக்க வேண்டும். ஏற்பதா தள்ளுவதா என்பதை அந்த வகுப்புதான் முடிவுசெய்யும், நானோ உன் மேற்பார்வையாளரோ இல்லை. 35 மி.மீ. என்பதையும் அறிக்கையில் எழுதிவிடு, நாளை இன்னொருவர் 20-இல் ஓட்டிவிட்டு உன்னோடு சண்டைக்கு வரக் கூடாது.