சாஃப்ட்வேர் வேலையை விட்டுப் பியானோவோடு கிளம்பிய வியன்னா டெங்: அந்த வழி இன்றைக்கு நடக்குமா?

வெள்ளைக்கட்டை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கோவை, வேலை பெங்களூரில், வயது 27. டெஸ்டிங் டீமில் ஐந்தாவது வருடம். பியானோவில் டிரினிட்டி ஏழாவது கிரேடு முடித்திருக்கிறேன். மூன்று வருடமாகத் தமிழில் சொந்தமாகப் பாட்டு எழுதி, நானே வாசித்துப் பாடி வருகிறேன். கையில் 14 பாட்டு இருக்கிறது. சின்ன இடங்களில் ஆறு தடவை பாடியிருக்கிறேன். கடைசித் தடவை 40 பேர் வந்தார்கள். அதில் 12 பேர் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். அந்த 12 பேர்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறார்கள்.

பியானோ வாசித்துச் சொந்தப் பாட்டு பாடும் அமெரிக்கப் பாடகி வியன்னா டெங், ஸ்டான்ஃபர்டில் கணினி அறிவியல் படித்தவர். சிஸ்கோ என்ற நெட்வொர்க் நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, 2002-ல் அதை விட்டு முதல் ஆல்பத்தோடு கிளம்பினார். அடுத்த ஜனவரியில், அமெரிக்காவே பார்க்கும் லெட்டர்மன் டிவி நிகழ்ச்சியிலேயே பாடிவிட்டார். இதைப் படித்தபோது எனக்கு வழி தெரிந்த மாதிரி இருந்தது. ஆனால் 2010-ல் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மறுபடி படிக்கப் போய்விட்டார். எட்டு வருடம் பாடியும் பாட்டு சோறு போடவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்? அவரைத் தொடர்ந்து கேட்டு வருகிறவர்கள் சொல்லுங்கள். ஜூனில் அப்ரைசல். அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மழைக்கால அக்கா:

தங்கச்சி, உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன். 2003-லிருந்து 11 வருடம் கலிஃபோர்னியாவில் இருந்தேன். அவர் வளர்ந்த சாரட்டோகா எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். அவருடைய முதல் இரண்டு சிடியும் என் காரிலேயே கிடந்து தேய்ந்தவை.

முதலில் ஒன்று. அவர் வேலையை விட்டுவிட்டுப் பாட்டுத் தேடிப் போகவில்லை. முதல் ஆல்பத்தில் வந்த பாட்டுகளைக் கல்லூரியில் இருக்கும்போதே பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். அங்கே வாத்தியமில்லாமல் பாடும் அ கபெல்லா குழுவில் பாடிப் பாடிக் குரலும் பழகியிருந்தது. விர்ட் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் ஆல்பத்தை வெளியிட ஒப்புக்கொண்ட பிறகுதான் சிஸ்கோவை விட்டார். உன்னிடம் 14 பாட்டு இருக்கிறது என்கிறாய். அதில் எத்தனை, முன்பின் தெரியாத ஒருவர் காதில் போட்டுக் கேட்கிற அளவுக்குப் பதிவாகியிருக்கிறது? அதை நீ எழுதவே இல்லையே.

அப்புறம் அந்த 2010. நீ சொல்கிற எட்டு வருடத்தில் நான்கு ஆல்பம் வந்தது: 2002, 2004, 2006, 2009. மூன்றாவதும் நான்காவதும் ரவுண்டர் இசை நிறுவனக் குழுமத்தின் ஸோயி லேபிளில் வந்தவை. பாட்டு கைவிட்ட ஆள் இல்லை அவர். மிச்சிகனில் அவர் படித்தது வணிக நிர்வாகமும் சுற்றுச்சூழலும் சேர்ந்த படிப்பு. அது அவருக்கு உண்மையாகவே ஆசையான துறை. 2013-ல் பட்டம் வாங்கினார், அதே வருடம் ஐந்தாவது ஆல்பத்தை லேபிள் இல்லாமல் தானே வெளியிட்டார். அதில் ஆக்ஸியம் பற்றிய ஒரு பாட்டு உண்டு. மக்களின் விவரங்களைத் திரட்டி விற்கும் அந்த நிறுவனம், நம்மைப் பார்த்துக் கோயில் துதி பாடுவது போல எழுதியிருப்பார். தன் குரலையே அடுக்கி அடுக்கி ஒரு முழு கோரஸ் ஆக்கியிருப்பார். டேட்டாபேஸ் தெரிந்த மூளையும் அ கபெல்லா பழகிய தொண்டையும் ஒரே ஆளிடம் இருந்ததால் வந்த பாட்டு அது. படிப்பையும் வேலையையும் பாட்டுக்கு எதிரியாக அவர் வைக்கவே இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2009-ல் ஒரு கச்சேரிக்குப் போனேன். அவரும், தாளத்துக்கு அலெக்ஸ் வாங்கும்தான். கட்டைகள் தெரிகிற பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டேன். அவர் மெதுவாகப் பாடுகிற இடத்தில் இடது கை கிட்டத்தட்ட நின்றுவிடும், ஒற்றைச் சுரம் மட்டும் கீழே ஒலிக்கும். குரல் மூச்சு வாங்குகிற இடத்தில்தான் மறுபடி கை உருளத் தொடங்கும். முழுக் கச்சேரியும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ தமிழில் எழுதுகிறாய் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. இரண்டாவது ஆல்பத்தின் கடைசியில், அட்டையில் குறிப்பிடாமல் ஒரு மாண்டரின் பாட்டை ஒளித்து வைத்திருந்தார். தைவானில் எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டு. அவருடைய அப்பா அம்மா அங்கிருந்து வந்தவர்கள். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. இருந்தும் அன்றைக்கு ஆபீஸ் பார்க்கிங்கில் காரை விட்டு இறங்காமல் மூன்று தடவை கேட்டேன். தமிழை விட்டுவிடாதே.

பெடல்மிதி:

அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் 11 வருடமாகப் பாட்டிலேயே பிழைக்கிறேன், அதனால் காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2002-ல் கச்சேரி முடிந்ததும் வாசலில் சிடி விற்றால் அன்றைக்கே பணம் கையில். இன்றைக்கு ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடவில்லை என்றால் அந்தப் பாட்டுக்குப் பணமே கிடையாது, 2024-லிருந்து இதுதான் விதி. பாடகர்கள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், பொருள் விற்பனையில் 10 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. பேமென்ட் கட்டணம் தனி. எனக்குப் போன வருட வருமானத்தில் பாதிக்கு மேல் பியானோ வகுப்பு, அடுத்தது மேடை. ஸ்ட்ரீமிங்கில் வந்தது ஒரு மாத வாடகைக்குக்கூடக் காணாது.

எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் சேர்ந்துவிடுங்கள் தங்கச்சி. ஆரம்ப காலத்தில் ஒரு நிறுவனம் 15,000 ரூபாய் மொத்தமாகக் கொடுத்து, எல்லா உரிமையும் எங்களுக்கே என்று எழுதிய தாளை நீட்டியது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். 2012 பதிப்புரிமைத் திருத்தத்தின்படி எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள ராயல்டி பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றலாம். இது தெரிய எனக்கு நான்கு வருடம் ஆனது.

இன்னொன்று, நம்மூரில் பாடக் கூப்பிடுகிற இடங்களில் பியானோ இருக்காது. பியானோ மாதிரியே கட்டை கனமாக அழுந்தும் 88 கட்டை வெயிட்டட் கீபோர்டு பன்னிரண்டு கிலோ, ஸ்டாண்டு தனி. சுரத்தை நீட்டி ஒலிக்க வைக்கும் சஸ்டெய்ன் பெடல், டைல்ஸ் தரையில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு விரற்கடை முன்னால் நகரும். ஒரு திருமண வரவேற்பில் சரணத்துக்கு நடுவில் காலை நீட்டித் தேடினேன், எட்டவில்லை. மீதிப் பாட்டு முழுக்கச் சுரம் சுரமாக அறுந்து அறுந்துதான் கேட்டது. அன்றிலிருந்து ஒரு துண்டு ரப்பர் மேட் பைக்குள்ளேயே இருக்கிறது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம்_வரிசை:

அந்த 12 பேரின் மின்னஞ்சலை வாங்கினீர்களா? அமெரிக்கப் பாடகி அமாண்டா பாமர் 2012-ல், ரசிகர்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் ஆல்பத்துக்காகக் கேட்டபோது கிட்டத்தட்ட 25,000 பேர் சேர்ந்து 12 லட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்தார்கள். அவரும் பியானோக்காரர்தான். அந்த ஆட்கள் ஒரே நாளில் வந்தவர்கள் இல்லை. 2000-லிருந்து டிரெஸ்டன் டால்ஸ் குழுவில் ஊர் ஊராக வாசித்துச் சேர்த்தவர்கள். அடுத்த தடவை வாசலில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள்.

வெள்ளைக்கட்டை:

மூன்று பேருக்கும் நன்றி. மின்னஞ்சல் வாங்கவில்லை. பதிவாகியிருப்பது ஒரே ஒரு பாட்டு, அதுவும் போனில். அக்கா கேட்டதும் சுருக்கென்று இருந்தது. ஜூனில் வேலையை விடப்போவதில்லை. நான்கு பாட்டை ஒழுங்காகப் பதிவு செய்ய அந்த மாதத்தின் முதல் இரண்டு சனிக்கிழமைக்கு ஸ்டுடியோ பேசிவிட்டேன்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு பாட்டையும் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, இரண்டாவது சரணத்தில் நீ என்ன சொல்கிறாய் என்றே விளங்கவில்லை என்றார். போட்டுக் கேட்டால் உண்மைதான், பியானோ சொல்லை மூடுகிறது. இடது கையில் மூன்று சுரத்தை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்து இன்று காலை வாசித்துப் பார்த்தேன். நெடில் எழுத்தெல்லாம் வெளியே வந்துவிட்டது. பெடல்மிதி அண்ணா, ஐபிஆர்எஸ் விண்ணப்பத்துக்குப் பாட்டு வெளியாகியிருக்க வேண்டுமா, எழுதி வைத்திருந்தாலே போதுமா?