அக்காவின் திருமண விசிடியும் திறக்க மறுத்த இமேஜ் கோப்பும்

கும்பகோணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

2003ஆம் ஆண்டு நடந்த என் அக்காவின் திருமணத்தைப் படம்பிடித்தவர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் விசிடி (வீடியோ குறுவட்டு) ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார். அதில் கீறல் விழத் தொடங்கியதும், என் சித்தப்பா மகன் முழு வட்டையும் இமேஜாக, அதாவது ஒரே கோப்பில் அடங்கிய நகலாக, எடுத்துக் கணினியில் சேமித்துவைத்தான். பின்னர் வீடு மாறியபோது வட்டு தொலைந்துவிட்டது. மிஞ்சியது அந்தக் கோப்பு மட்டுமே. சென்ற ஆண்டு அப்பாவின் தலைத் திவசம் நெருங்கிய சமயத்தில், அவர் தாரைவார்த்துக் கொடுக்கும் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டார்.

கோப்பின் பெயர், வட்டு இமேஜ்களில் வழக்கமான வகையான ஐஎஸ்ஓ என்று முடிந்திருந்ததால் நான் கவலைப்படவில்லை. விண்டோஸ் 8 முதல் அத்தகைய கோப்புக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. வலது கிளிக் செய்து மவுண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், வட்டைச் செருகியது போலவே ஒரு புதிய டிரைவ் தோன்றும். எனக்கோ கோப்பு பழுதாகிவிட்டது என்ற செய்திதான் வந்தது. அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்றிரவு முழுவதும் அந்தக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அதன் அளவைக் கவனித்தேன்: 61,95,45,024 பைட். ஐஎஸ்ஓ கோப்பில் ஒரு செக்டருக்கு (வட்டில் தரவைப் பிரித்து எழுதும் சிறு பகுதிக்கு) 2048 பைட் இருக்கும். அந்த எண்ணால் வகுத்தபோது மீதம் வந்தது. செக்டரை ஒன்றும் விடாமல் நகலெடுத்தால் அது 2352 பைட்; அந்த எண்ணால் வகுத்ததும் மீதமின்றி 2,63,412 கிடைத்தது. குறுவட்டில் ஒரு நொடிக்கு 75 செக்டர்கள் என்பதால், இது 58 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதல். விசிடி ஓடிய நேரமும் ஏறத்தாழ அதுவே. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தபோது முதல் 12 பைட்டுகளும் ஒரு 00, அதன்பின் பத்து முறை எஃப்எஃப், மீண்டும் 00 என்று வரிசையாக நின்றன. ஒவ்வொரு செக்டரின் தொடக்கத்தையும் காட்டும் அடையாளம் அது. ஐஎஸ்ஓ கோப்பில் அது இருக்காது. ஆகவே கோப்பு பழுதாகவில்லை. அது ‘பின்’ (bin) வகைக் கோப்பு, அதாவது செக்டர்களை முழுமையாக வைத்திருக்கும் இமேஜ். திறக்கவில்லையே என்று யாரோ இடையில் அதன் பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

விசிடியின் வீடியோ செக்டர்களில் 2324 பைட் வரை படத்தரவு இருப்பதால், அதனை 2048 பைட்டுக்குள் அடக்கினால் ஒவ்வொரு செக்டரிலும் 276 பைட் போய்விடும். தம்பி ‘பின்’ வகையில் எடுத்துவைத்தது எவ்வளவு நல்ல காரியம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இனித் தேவைப்பட்டது, வட்டின் எந்தப் பகுதி (டிராக்) எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் கியூ (cue) கோப்பு. நோட்பேடிலேயே படிக்கக்கூடிய சில வரிகள்தாம் அதில் இருக்கும். அளவு சிறியதாக இருப்பதால் பலர் வேண்டாத கோப்பு என்று அழித்துவிடுகிறார்கள். நல்லவேளையாக அது தம்பியின் பழைய பென் டிரைவில் கிடைத்தது. அதன் முதல் வரியில் ‘பின்’ கோப்பின் பழைய பெயர் அப்படியே இருந்தது. இமேஜுக்கு அந்தப் பெயரையே மீண்டும் வைத்து, இரண்டையும் ஒரே கோப்புறையில் போட்டு, விசிடிகியர் என்ற பழைய இலவச மென்பொருளில் கொடுத்ததும் எம்பெக் வகை வீடியோ தனியாகப் பிரிந்து வந்தது. அக்காவின் கையைப் பிடித்திருந்த அப்பாவின் விரல்கள் நடுங்குவதைக்கூட அதில் பார்க்க முடிந்தது. அம்மா அந்தக் காட்சியை மட்டும் மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார்.

திருச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா, படித்ததும் மனம் கனத்துவிட்டது. எனக்கு நேர்ந்தது சிறிய சிக்கல்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ ஒன்றைப் பதிவிறக்கி, கோப்பு பிழையின்றி வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 மதிப்பையும் சரிபார்த்திருந்தேன். ஆயினும் மவுண்ட் ஆகவில்லை. கோப்பு என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் சேமிப்பு முறை) டிரைவில் இருக்க வேண்டும், சுருக்கப்பட்ட கோப்புறையில் இருக்கக் கூடாது என்று செய்தி வந்தது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்தக் கோப்புறை முழுவதையும் நானே முன்பு சுருக்கிவைத்திருந்தேன். கோப்பின் படத்தின்மேல் இரண்டு நீல அம்புக்குறிகள் இருந்ததை அதுவரை நான் பொருட்படுத்தவில்லை. பிராபர்ட்டீஸில் அந்தத் தேர்வை நீக்கியதும் கோப்பு உடனே திறந்துகொண்டது.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பில் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த ஐஎஸ்ஓ கோப்பை எங்கள் ஊழியர் ஒருவர் இருமுறை கிளிக் செய்தார். அது மறுப்பேதுமின்றித் திறந்துகொண்டது. உள்ளே பில் இல்லை. பில்லின் படம் ஒட்டிய, வேறொரு நிரலை இயக்கக்கூடிய ஷார்ட்கட் ஒன்றுதான் இருந்தது. அவர் அதைத் தொடுவதற்குள் நான் தடுத்துவிட்டேன். இணையத்திலிருந்து வரும் கோப்புக்கு விண்டோஸ் ஓர் எச்சரிக்கை அடையாளம் இடும். ஆனால் அது அப்போது ஐஎஸ்ஓவின் உள்ளே இருக்கும் கோப்புகளுக்குச் சென்று சேராது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த அப்டேட்தான் இதைச் சரிசெய்தது. அன்றிலிருந்து, யார் அனுப்பிய இமேஜாக இருந்தாலும் முதலில் 7-ஜிப் என்ற மென்பொருளில் திறந்து உள்ளிருக்கும் பெயர்களைப் படித்த பிறகே மவுண்ட் செய்கிறோம். வேலை முடிந்ததும் மறக்காமல் எஜெக்ட் (அந்த டிரைவை நீக்கும் கட்டளை) கொடுத்துவிடுகிறோம், ஏனெனில் அதுவரை அந்தக் கோப்பை நகர்த்தவோ அழிக்கவோ இயலாது.