ஒமெப்ரசோலும் இரைப்பைப் புற்றுநோயும்: பதிவேட்டு ஆய்வில் ஒரு சிக்கல்

கேள்வி: மருந்துச்சீட்டுப் பதிவேட்டில் ஒமெப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) எடுப்பவர்களை எடுக்காதவர்களோடு ஒப்பிடுகிறேன். முதல் 6 மாதத்தில் இரைப்பைப் புற்றுநோய் பல மடங்கு, பிறகு சரிகிறது. மருந்துதான் காரணமா?

பதில் 1: இல்லை. இந்தப் புற்று உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். கண்டறியப்படாத கட்டி தந்த வயிற்றெரிச்சலுக்குத்தான் மருந்தே எழுதியிருப்பார்கள். தொடங்கிய முதல் 12 மாதத்தின் புற்றுநோயாளிகளையும் ஆள்-ஆண்டுகளையும் (ஒவ்வொருவரும் கண்காணிப்பில் இருந்த காலத்தின் கூட்டுத்தொகை) சேர்த்தே நீக்குங்கள். நோயாளிகளை மட்டும் நீக்கினால் வகுக்கும் எண் அப்படியே நிற்கும், அபாயம் பொய்யாகக் குறையும். 24 மாதம் வைத்தும் ஓட்டிப் பாருங்கள்.

பதில் 2: ஒப்பீட்டுக் குழுவே சரியில்லை. ஃபமோடிடின் (அமிலத்தைக் குறைக்கும் வேறொரு வகை மருந்து) புதிதாகத் தொடங்கியவர்களை எடுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி வயிற்றுத் தொல்லை இருக்கும். இரைப்பைப் புற்றுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவை மறக்காதீர்கள். அதை ஒழிக்கும் சிகிச்சையிலும் ஒமெப்ரசோல் உண்டு. ஆன்டிபயாடிக்குகளோடு வந்த 7–14 நாள் சீட்டுகளைத் தனியே குறியுங்கள்.

பதில் 3: கார்டியா கட்டிகளை (உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வருபவை; ஐசிடி-10 நோய்க் குறியீடு: சி16.0) பிரித்துவிடுங்கள். அங்கே அமில எதுக்களிப்பே ஓர் அபாயக் காரணி.