தங்கச்சியின் எம்.ஏ. விண்ணப்பம்

தங்கச்சி, மாலை 7.12
பெரியம்மா, சித்தப்பா, அக்கா, உங்கள் மூவரிடமும் ஒரு விடயம் கேட்க வேண்டும். ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கொண்டு பொதுப் பட்டம் முடித்த நான், இரண்டு வருடமாகத் தனியார் கல்வி நிலையமொன்றில் படிப்பித்து வருகிறேன். இப்போது ஆங்கிலத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். அதற்குக் கொடுக்கும் பணமும் வார இறுதிகளும் பிறகு தொழிலில் திரும்பி வருமா என்பதுதான் என் பயம்.

பெரியம்மா, 7.20
படிப்பு வேண்டாமென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன், பிள்ளை. ஆனாலும் அரசாங்க ஆசிரியர் நியமனம் கிடைத்தால் ஓய்வூதியத்தோடு நிம்மதியாக இருக்கலாம். எம்.ஏ. படிக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் போய்வந்த காலத்தில் உன் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் சோறு சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

சித்தப்பா, 7.31
அண்ணி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு வெவ்வேறு படிப்புகளை நாம் ஒன்றாக எடைபோடக் கூடாது. அண்ணி சொல்லும் ஆசிரிய வேலையோடு சேர்ந்த பட்டப்பின் கல்வி டிப்ளோமா ஆசிரியத் தொழிலுக்கான பயிற்சி, எம்.ஏ. பாடத்துக்குள் ஆழமாக இறங்குவது. முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் கேட்கிறேன்: நீ படிக்க விரும்புவது இலக்கியமா, மொழியியலா, இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிக்கும் முறையா? இந்த மூன்றும் வேறு வேறு வேலைகளுக்குக் கொண்டுபோகும்.

தங்கச்சி, 7.34
இலக்கியம்தான், சித்தப்பா. எம்.ஏ. இருந்தால் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகலாம் என்று நண்பிகள் சொல்கிறார்கள்.

அக்கா, 7.58
அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிடாதே, தங்கச்சி. நிரந்தர விரிவுரையாளர் நியமனத்தில் முதலில் பார்க்கப்படுவது ஒரே பாடத்தை ஆழமாகப் படித்த சிறப்புப் பட்டமும் அதில் பெற்ற வகுப்பும், எம்.ஏ. அதற்கு மேலே வருவது. ஆகவே பொதுப் பட்டம் பெற்ற உனக்கு அந்தக் கதவு சற்று இறுக்கமானது என்பதைத் தெரிந்துகொண்டே விண்ணப்பம் போடு.

அதைவிட முக்கியமானது, நீ எடுக்கும் எம்.ஏ. எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது. படிப்புகளை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணிப் பட்டம் 9ஆம் மட்டத்தில், 30 கிரெடிட்டோடு (படிப்பின் அளவைக் காட்டும் அலகு) நிற்கிறது. ஆய்வுப் பகுதியையும் கொண்டது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். பின்னாளில் எம்.பில். என்ற ஆய்வுப் பட்டம் அல்லது கலாநிதிப் பட்டம் என்று யோசிப்பவர், விரிவுரை மண்டபத்தைக் கனவு காண்பவர், ஆய்வுக்கட்டுரை எழுதும் பட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். பேராதனையிலோ களனியிலோ கொழும்பிலோ எங்கே விசாரித்தாலும் கட்டணத்துக்கு முன் இதைக் கேள்.

சித்தப்பா, 8.03
இந்தியாவின் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டதாரியும் ஆங்கில எம்.ஏ.யில் சேரலாம் என்று கேள்விப்பட்டேன். வீட்டிலிருந்தே படிப்பதென்றால் அண்ணிக்கும் நிம்மதி.

அக்கா, 8.06
சேரலாம். ஆனால் வெளிநாட்டுப் பட்டம் எதுவானாலும், இங்குள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக்கொள்கிறதா என்பதை எழுத்தில் பெற்ற பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

பெரியம்மா, 8.09
நீயும் எம்.ஏ. முடித்தவள்தானே. உனக்குச் சம்பளம் கூடியதா? ஒளிக்காமல் சொல்.

அக்கா, 8.27
முதல் வருடம் ஒரு சதமும் கூடவில்லை, அம்மா. இப்போதுள்ள நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததற்கு அந்தச் சான்றிதழ் காரணம். வேலை கிடைத்ததற்கு அங்கே வைத்த எழுத்துப் பரீட்சை காரணம். அந்தப் பரீட்சையை எழுதிய கையைப் பழக்கியது எம்.ஏ. வகுப்புகள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வெருகலில் ஒரு பெண், அயல் வீட்டில் வட்டியில்லாமல் கைமாற்று வாங்கினேன் என்று சொன்னதை, எங்கள் நிறுவன அறிக்கையின் முதல் வரைவில் யாரோ வெறும் கடன் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். நிறுவனத்துக்கு நிதி தருபவர்களோ அந்தப் பெண் வட்டிக்காரரிடம் சிக்கியிருக்கிறார் என்று விளங்கிக்கொண்டார்கள். ஒரு சொல்லின் எடையை நிறுத்துப் பார்ப்பதைத்தான் இரண்டு வருடமும் கவிதையிலும் நாவலிலும் செய்தோம். அறிக்கை எழுதுதல், பதிப்பித்தல், மொழிபெயர்ப்பு, நிலாவெளி ஹோட்டல்களின் விளம்பர எழுத்து என்று இங்கேயே அதற்கு வேலை உண்டு. ஆவணங்களை அதிகாரபூர்வமாக மொழிபெயர்க்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராவதற்கு மட்டும் தனி நடைமுறை இருக்கிறது, அதை எம்.ஏ. தந்துவிடாது.

தங்கச்சி, 8.35
அப்படியானால் ஆய்வுக்கட்டுரை உள்ளதையே எடுக்கிறேன். ஆனால் தலைப்புக்கு எங்கே போவேன்?

சித்தப்பா, 8.44
தூரம் போக வேண்டாம். 1660இல் கொட்டியாரக் குடாவில் கப்பலிலிருந்து இறங்கி, கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது வருடம் இங்கே கைதியாக வாழ்ந்து தப்பிப் போய், 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். டானியல் டீஃபோவின் ரொபின்சன் குரூசோ நாவலுக்கு அந்த நூலும் உரமாயிற்று என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. ஆங்கில நாவலின் தொடக்க காலத்தைத் தொடும் ஒரு கதை நம்முடைய மூதூர்ப் பக்கம் கிடக்கும்போது, நீ ஏன் லண்டன் மூடுபனியைத் தேட வேண்டும்?

பெரியம்மா, 8.49
மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று என் தகப்பனார் காட்டியது இவருடையதுதானா! நான் ஏதோ வரி வசூலிக்க வந்தவன் கட்டிப்போட்ட இடமென்று நினைத்திருந்தேன்.

தங்கச்சி, 8.52
நாளைக்கே நொக்ஸின் நூலைத் தேடிப் படிக்கத் தொடங்குகிறேன். அக்கா, விண்ணப்பத்தோடு இணைக்கும் நோக்கக் கூற்றை எழுதியதும் உங்களுக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து சிவப்புப் பேனையோடு பாருங்கள்.

பெரியம்மா, 8.55
வகுப்பு சனிக்கிழமை மட்டுமா, ஞாயிறும் உண்டா என்பதையும் கேட்டுச் சொல், பிள்ளை. சோற்றுப் பார்சல் எத்தனை கட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும்.