யமஹா ஆர்எக்ஸ் 100 (டூ-ஸ்ட்ரோக் பைக்): சூடானதும் ரேசிங் (இன்ஜின் வேகம்) இறங்கலை, மெயின் ஜெட் மாத்தணுமா?

கிக்கர்94:
1994 மாடல். முதல் ஓவர்சைஸ் போர் (சிலிண்டரை ஒரு அளவு பெருசாக் கடைஞ்சது), புது பிஸ்டன், ரிங் போட்டு 600 கி.மீ. ஆச்சு. கம்பெனி மிக்குனி கார்புரேட்டர்தான், ஆட்டோலூப் பம்ப்பும் (டூ-ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலைத் தானா இன்ஜினுக்கு விடுறது) கழட்டலை. காலையில சோக் போட்டா ரெண்டாவது கிக்ல எடுத்துக்குது. 7, 8 கி.மீ. ஓடினப்புறம் ஆக்சிலேட்டரை விட்டாலும் 3, 4 செகண்ட் கத்திட்டுத்தான் இறங்குது. ஐடிலிங் ஸ்க்ரூவைக் குறைச்சா சிக்னல்ல ஆஃப். ஏர் ஸ்க்ரூ ஒண்ணரைச் சுத்துல இருக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிளக் வெள்ளை (லீன், அதாவது காத்துக்குப் பெட்ரோல் கம்மிங்கிற அடையாளம்). மெயின் ஜெட்டை (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவா வர்ற துளை) ஒரு சைஸ் ஏத்தச் சொல்றாங்க, ஏத்தலாமா?

ரீடுவால்வு:
இப்போதைக்கு வேண்டாம். மெயின் ஜெட் வேலை செய்யறது முக்கால் த்ராட்டிலுக்கு மேல. உங்க தொந்தரவு ஐடிலிங்ல, அது பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பார்க்கிற இடம். அந்த ஏர் ஸ்க்ரூவுக்கே வண்டி அசையலைன்னா ரெண்டு காரணம்தான்: பைலட் ஜெட் அடைப்பு, இல்லைன்னா கார்புரேட்டரைத் தாண்டி எங்கேயோ காத்து உள்ளே போகுது. ரேசிங் தொங்கி நிக்கறதைப் பார்த்தா ரெண்டாவதுதான்.

முதல்ல த்ராட்டில் கேபிள்ல கொஞ்சம் ப்ளே இருக்கா, ஹேண்டிலைத் திருப்பினா ரேசிங் மாறுதான்னு பாருங்க. அப்புறம் ஐடிலிங்ல விட்டு இன்டேக் ரப்பர், ரீட் பிளாக் (காத்தை உள்ளே மட்டும் விடுற வால்வு) பேக்கிங், சிலிண்டர் அடி பேக்கிங் ஓரமா கார்ப் கிளீனரைத் துளித்துளியா அடிங்க. சைலன்சர் பக்கம் படக் கூடாது, தீப்பிடிக்கும். அடிச்ச இடத்துல ரேசிங் மாறினா லீக் அங்கேதான்.

பழையபுகை:
அதெல்லாம் அப்புறம். புது போர், பிளக் வேற வெள்ளை. பெட்ரோல்ல லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் சேர்த்து ஓட்டுங்க, பிஸ்டன் சிலிண்டர்ல ஒட்டிப் பிடிக்காது.

ரீடுவால்வு:
அண்ணே, பாதிதான் சரி. ஒரே ஜெட் வழியா ஆயில் அதிகமாப் போனா அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும், அதாவது இன்னும் லீன் ஆகும். ஏர் லீக்கை ஆயில் மூடாது. பம்ப் மேலே சந்தேகம் இருந்தா, சரிபார்க்கிற வரைக்கும் லிட்டருக்கு 20 மில்லி கலந்துக்கலாம். பம்ப் புல்லியில இருக்கிற குறி சரியான இடத்துல நிக்குதா பாருங்க. த்ராட்டில் கேபிளை அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் பம்ப் கேபிளை மறந்துடறது சகஜம். பைப்ல காத்துக்குமிழி இருந்தா ப்ளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்னு ஆயில் மட்டும் வர்ற வரைக்கும் விட்டு மூடுங்க.

மேக்னட்புல்லர்:
ஸ்ப்ரே அடிச்சு ஒண்ணும் தெரியலைன்னா பிரஷர் டெஸ்ட்தான் வழி. எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் வச்சு இறுக்கி அடைங்க. பிளக் இடத்துலயே இருக்கட்டும், ஆயில் பைப் திறந்திருந்தா அதையும் மூடுங்க. கார்புரேட்டரைக் கழட்டி இன்டேக் ரப்பர் வழியாக் கைப்பம்ப்புல 6 பி.எஸ்.ஐ. ஏத்துங்க. பிளக் ஓட்டை வழியா ஏத்தினா ரீட் மூடிக்கும், அதுக்கு வெளியே இருக்கிற லீக் தெரியவே தெரியாது. பல பேர் தப்புப் பண்றது இங்கேதான். 10க்கு மேலே ஏத்தாதீங்க, நல்லா இருக்கிற சீலும் கெட்டுடும். 6 நிமிஷம் முள் இறங்காம நின்னா நல்ல இன்ஜின். இறங்கினா எல்லா இணைப்புலயும் சோப்புத் தண்ணி தடவுங்க.

கிராங்க் ஷாஃப்ட்டோட கிளட்ச் பக்கச் சீல் போயிருந்தா கியர் ஆயில் ஊத்துற ஓட்டையில காத்து வரும். ஓடும்போது வெள்ளைப்புகை கூடும், கியர் ஆயில் குறையும். மேக்னட் (கரன்ட் தயாரிக்கிற சுழல் காந்தம்) பக்கச் சீல் போனா புகையே காட்டாது, சும்மா லீன் ஆகும். அதான் ஆபத்து.

கிக்கர்94:
டெஸ்ட் பண்ணியாச்சு. ஒரு நிமிஷத்துல 6ல இருந்து 2க்கு வந்துடுச்சு. மேக்னட்டுக்குப் பின்னாடி குமிழி. பைலட் ஜெட் சுத்தமாத்தான் இருக்கு.

மேக்னட்புல்லர்:
அப்போ சீல்தான். மேக்னட்டைப் புல்லர் போட்டே எடுங்க, சுத்தியல் ஆகாது. மேக்னட்டைக் கிராங்க்ல நிறுத்துற சின்னச் சாவி தொலையாமப் பத்திரம். பழைய சீலைக் கழட்டறதுக்கு முன்னாடி கிராங்க் முனையைப் பிடிச்சு மேலும் கீழும் அசைங்க. ஆட்டம் கைக்குத் தெரிஞ்சா மெயின் பேரிங் போச்சு. புது சீல் போட்டாலும் கொஞ்ச நாள்ல கிழியும். புது சீலோட ஸ்ப்ரிங் பக்கம் இன்ஜின் உள்ளே பார்க்கணும், உதட்டுல 2டி ஆயில் தடவிக்கங்க. ஷாஃப்ட்ல பழைய உதடு தேய்ச்ச கோடு இருந்தா, இடம் இருக்கிற அளவுக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைங்க. மேக்னட் உட்காரும் டேப்பர்ல மட்டும் எண்ணெய்ப் பசை கூடாது.

ரீடுவால்வு:
அது முடிஞ்சு மறுபடி 6 பி.எஸ்.ஐ. நின்னப்புறம்தான் ஜெட் கணக்கு. ஏன்னா 1994ல இருந்த பெட்ரோல் வேற, இப்போ பங்க்ல வர்ற இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) வேற. சுத்தப் பெட்ரோலுக்குக் காத்து-எரிபொருள் விகிதம் சுமார் 14.7, இ20க்குச் சுமார் 13.5. பழைய ஜெட்லயே விட்டா லீன்தான். பைலட் ஒரு சைஸ், மெயின் ஒரு சைஸ் ஏத்தி ஆரம்பிங்க. போர் நல்லா பழகினப்புறம் மூணாவது கியர்ல முழு த்ராட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடிச்ச கையோட சாவியை ஆஃப் பண்ணிப் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. ஐடிலிங்ல நின்ன பிளக் நிறத்தை வச்சு மெயின் ஜெட்டை முடிவு பண்ணக் கூடாது. எத்தனால் பழைய பெட்ரோல் ஹோஸையும் ஊற வைக்கும், அதையும் புதுசாப் போட்டுடுங்க.