கலைச்சொல் வேண்டும்: கைபேசியும் கணினியும் "கம்பாட்டிபிள்" இல்லை என்பதற்கு

குழுவினருக்கு வணக்கம்.

கைபேசியைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளிக்கிழமை மாலை ஒப்படைக்க வேண்டும். "கம்பாட்டிபிள்" (compatible, ஒன்றோடொன்று ஒத்து இயங்கக்கூடியது) என்ற ஒரு சொல்லில் எல்லாம் நிற்கிறது. முன்பு செய்தவர் "பொருந்தாத சாதனம்" என்று போட்டிருக்கிறார். அதைத் திரையில் பார்த்தவர்கள் வடத்தைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிச் செருகுகிறார்கள். முனை பொருந்தவில்லை என்றுதான் அவர்களுக்குப் புரிகிறது. முனையோ சரியாக நுழைந்திருக்கிறது, மின்னேற்றக் குறியும் வந்துவிட்டது. படங்கள்தான் கணினியில் தெரியவில்லை. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

(கைபேசியா, செல்பேசியா, அலைபேசியா என்ற பழைய வழக்கை இந்த இழையில் எடுக்க வேண்டாம்.)

* * *

தம்பி,

புதிதாக ஆக்க வேண்டியதில்லை. "உடம்பாடு" இருக்கிறது. "உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று" (குறள் 890). ஒரே குடிலில் இருந்தும் மனம் ஒவ்வாத இருவரைப் பற்றியது. செருகியும் பேசிக்கொள்ளாத இரண்டு கருவிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இலக்கணமும் துணை நிற்கிறது. மணி + அடித்தது = மணியடித்தது. இரண்டு உயிர் நேரே சேர மாட்டா. நடுவே யகரம் வந்து உடம்படுத்துகிறது. அதனால்தான் நன்னூலார் உடம்படுமெய் என்றார். கணினி நிலைமொழி, கைபேசி வருமொழி, இடையில் நின்று இரண்டையும் பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் உடம்படுமெய். புணர்ச்சியில் வரும் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்றையும் இதே வழியில் விரிக்கலாம். மாலையில் தனி மடலாக எழுதுகிறேன்.

* * *

ஐயா சொன்ன உடம்படுமெய் டிரைவருக்கு அப்படியே ஒத்துவருகிறது. ஆனால் எந்தக் குறைக்குப் பெயர் தேடுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம்.

யூஎஸ்பி 2.0 வடத்துக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மின்னேற்றத்துக்கென்றே வரும் சில வடங்களில் தரவுக் கம்பி இருக்காது. கைபேசி வந்ததே கணினிக்குத் தெரியாது. அது வடத்தின் குறை. வடம் நன்றாக இருந்தும் ஆண்ட்ராய்டு கைபேசி "மின்னேற்றம் மட்டும்" என்ற நிலையில் நிற்கலாம், ஐபோன் "இந்தக் கணினியை நம்பலாமா" என்று கேட்டுக் காத்திருக்கலாம். அது அனுமதி.

நம் சொல் இந்த இரண்டுக்கும் உரியதல்ல. பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் தங்கள் சேமிப்பகத்தைப் பென்டிரைவைப் போல மொத்தமாகக் கணினியிடம் கொடுத்துவிடும். திரும்பக் கிடைக்கும் வரை கைபேசியால் அதைத் தொட முடியாது. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல் எம்டிபி என்ற நெறிமுறைக்கு மாறினார்கள். கணினி கோப்பைக் கேட்கும், கைபேசி எடுத்துத் தரும். விண்டோஸுக்கு இந்தப் பேச்சு தெரியும். அதன் "என்" (N) எழுத்துப் பதிப்புகளுக்கு மட்டும் ஊடகத் தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். மேக் கணினிக்கு இயல்பாகத் தெரியாது, வேறொரு செயலி வேண்டும். ஆக வடமும் கைபேசியும் கணினியும் பழுதில்லை. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியவில்லை. இதற்குத்தான் சொல் வேண்டும்.

* * *

பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். "உடம்பாடு" என்று பலகையில் எழுதினால் மாணவர்கள் உடம்பைத்தான் நினைப்பார்கள். குறளைச் சொல்லி விளக்க ஒரு வகுப்பு போய்விடும். "உடன்பாடு" என்று எளிதாக்கினாலோ, மென்பொருளின் முதல் திரையிலேயே "உரிம உடன்பாடு" நிற்கிறது. "ஒத்தியல்பு" பெயராக நன்று, வினையாக வளைந்து கொடுக்காது.

"இணக்கம்" போதும். இணங்கும், இணங்காது, இணக்கமான, இணக்கமின்மை என்று எல்லா வடிவமும் தடையின்றி வருகின்றன. ஏற்கெனவே பலர் பயன்படுத்தும் சொல்லும்கூட.

* * *

"இயைபு"வை ஏன் யாரும் நினைக்கவில்லை? இயை, இயைந்த, இயையாத. வினையும் உண்டு, சுருக்கமும் உண்டு.

* * *

இயைபு யாப்பிலக்கணத்தில் அடியிறுதி ஒன்றிவரும் தொடை. தொல்காப்பியத்திலோ எட்டு வனப்புகளுள் ஒன்று, மெய்யெழுத்தில் முடியும் செய்யுள் பற்றியது. ஏற்கெனவே இரண்டு பொருள் சுமக்கும் சொல் மேல் மூன்றாவதை ஏற்றலாமா?

இதே காரணத்தால் டிரைவருக்கு "இயக்கி" என்பதையும் நான் ஏற்றதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை (பாற்சோற்றுப் படையல்) கொடுத்துவிட்டுத் திரும்புவது பூங்கண் இயக்கிக்கு. அவள் தெய்வம்.

"இணக்கம்" பற்றியும் ஒன்று. இணங்கினான் என்றால் ஒருவன் இறங்கிவந்து மற்றவன் சொல்லுக்கு ஒப்பினான் என்று பொருள். இங்கே யார் யாருக்கு இறங்குகிறார்கள்? உடம்பாட்டில்தான் இரண்டு பக்கமும் சமம்.

* * *

ஐயா, இறங்கி வருவதுதான் உண்மையில் நடக்கிறது. யூஎஸ்பி 3.0 சாதனத்தைப் பழைய 2.0 துளையில் செருகினால், தன் 5 ஜிகாபிட் வேகத்தை விட்டு 480 மெகாபிட்டுக்கு இறங்குகிறது. புதியது பழையதற்கு இணங்குகிறது. பழையதால் மேலே ஏற முடியாது. "பின்னோக்கிய இணக்கம்" என்று அதைச் சொன்னால், நீங்கள் குறையாகக் காட்டிய பொருளே அங்கே பலமாகிறது.

* * *

ஒரு வேண்டுகோள். பயனர்கள் கடையிலும் வீட்டிலும் சொல்வது "செட் ஆகல", "கனெக்ட் ஆகல" என்றுதான். "கம்பாட்டிபிள்" என்றே தமிழெழுத்தில் போட்டால் யாருக்கு என்ன நட்டம்?

* * *

நட்டம் உண்டு. "கனெக்ட் ஆகல" என்பவருக்குக் "கம்பாட்டிபிள்" புரிந்துவிடும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவருக்கு இரண்டும் ஒன்றல்ல. "இணங்கவில்லை" என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் பாதியாவது பிடிபடும்.

* * *

அனைவருக்கும் நன்றி. நாளை மாலை கெடு, இதற்குமேல் தள்ள முடியாது. பெரும்பாலோர் "இணக்கம்" பக்கம் இருப்பதால் அதையே இடுகிறேன். "பொருந்து" என்பது செருகும் முனைக்கு மட்டும். செய்தி இப்படி வரும்: "இந்தக் கைபேசி கோப்புகளை அனுப்பும் முறையோடு இந்தக் கணினி இணங்கவில்லை. துணைச் செயலியை நிறுவுக." வடம், அனுமதி ஆகிய இரண்டும் உதவிப் பக்கத்தில் தனித்தனியே வருகின்றன. டிரைவர் "இயக்கி"யாகவே இருக்கும். ஐயா பொறுத்தருள வேண்டும்.

* * *

தம்பி,

கெடுவுக்காக விட்டுக்கொடுக்கிறேன், கருத்தை அல்ல. சொற்பட்டியலில் "இணக்கம்" என்பதற்கு எதிரே "உடம்பாடு" என்பதையும் மாற்றுச்சொல்லாகப் பதியுங்கள். திரிதல், கெடுதல் பற்றிய மடல் பாதி எழுதிவிட்டேன், இன்றிரவு அனுப்புகிறேன்.