மின்கடத்து வெள்ளி மை: நிலைநிறுத்தியோடு பழகிய அனுபவங்கள்

ஆய்வு மாணவி:

பாலியால் முறையில் வெள்ளி நானோ துகள்களைத் தயாரித்து, அவற்றை அச்சிடத்தக்க மையாக மாற்றும் பணியில் ஈடுபட்டு வருகிறேன். இம்முறையில் எத்திலீன் கிளைகாலே கரைப்பானாகவும், வெள்ளி அயனிகளை உலோக வெள்ளியாக மாற்றும் ஒடுக்கியாகவும் செயல்படுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் நிலைநிறுத்தியாக, பி.வி.பி. எனப்படும் பாலிவினைல் பைரோலிடோன் என்ற பாலிமரை அதில் கரைத்துச் சூடாக்கி, வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும்போது, நிறமற்றிருந்த கலவை மஞ்சளாகி, தேன் நிறத்தைக் கடந்து, கரும்பழுப்பாகிறது. அதில் ஒரு துளியை எடுத்து, நிறைய நீர் சேர்த்து நிறமாலைமானியில் வைத்தால், 400 நானோமீட்டரை ஒட்டி ஒளி உறிஞ்சலின் ஒரே முகடு கூர்மையாகத் தெரிய வேண்டும். அது அகன்று நீண்ட அலைநீளப் பக்கம் சரிந்தால், துகள்கள் பெருத்துவிட்டன அல்லது ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிட்டன என்று கொள்கிறேன்.

இவையெல்லாம் ஆய்வேடுகளில் விரிவாக உள்ளவை. அவற்றில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் கழுவுதல் என்ற கட்டத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன். பி.வி.பி. சங்கிலியின் கார்பொனைல் ஆக்சிஜன் வெள்ளியின் பரப்பைப் பற்றிக்கொள்ள, சங்கிலியின் எஞ்சிய பகுதி கரைப்பானுக்குள் நீண்டு நின்று அடுத்த துகளை நெருங்கவிடாமல் செய்கிறது. புட்டியில் மை படியாமல் இருப்பதற்கு எது காரணமோ, அதுவே அச்சிட்ட கோட்டில் எலக்ட்ரான்கள் ஒரு துகளிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதையும் தடுக்கிறது. ஆகவே அசிட்டோன் சேர்த்துத் துகள்களை வீழ்படிவாக்கி, மையவிலக்கியில் பிரித்து, எத்தனாலில் மீண்டும் விரவச் செய்து, மிகுதியான பாலிமரை அகற்ற வேண்டியிருக்கிறது. குறைவாகக் கழுவிய மையைக் கண்ணாடித் தகட்டில் பூசி 200 டிகிரி வரை சூடாக்கினாலும், கோடு பளபளக்கிறதே தவிர மல்டிமீட்டரில் மின்னோட்டத்தின் அறிகுறியே இல்லை. அளவுக்கு மிஞ்சிக் கழுவினாலோ, அடியில் தங்கும் சாம்பல் நிறக் கட்டி மீயொலிக் குளியலில் நெடுநேரம் வைத்தும் விரவுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை குறுகியது. மூலக்கூறு எடை 55,000 கொண்ட பி.வி.பி.யைவிட 10,000 கொண்டதோடு வேலை செய்வது எனக்கு எளிதாக இருந்தது.

நான் அச்சிட வேண்டியது பெட் பிளாஸ்டிக் தாளில். அதுவோ 150 டிகிரியை நெருங்கும்போதே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. சூடாக்காமலோ மிகக் குறைந்த வெப்பத்திலோ துகள்களை இணைத்த அனுபவம் உள்ளவர்கள் பகிர்ந்தால் நன்றியுடையவளாவேன்.

அச்சு மின்னணுவியல் ஆய்வகப் பணியாளர்:

சகோதரி, உங்கள் இடர்ப்பாடு நிலைநிறுத்தியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். துகளை எது காக்கும் என்று கேட்பதோடு, வேலை முடிந்ததும் அதை எப்படி விலக்குவோம் என்பதையும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் மக்தாசி குழுவினர் செய்த பணி இதற்கு நல்ல வழிகாட்டி. பாலிஅக்ரிலிக் அமிலத்தால் காக்கப்பட்ட துகள்களில் கார்பாக்சிலேட் தொகுதிகள் வெள்ளிப் பரப்பைப் பிடித்திருக்கும். குளோரைடு அயனிகள் வந்து அந்தப் பிடியை விலக்கியதும், வெறுமையான பரப்புகள் அறை வெப்பநிலையிலேயே தாமாக ஒன்று கலக்கின்றன. 2011-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இவ்வழியில் தூய வெள்ளியின் கடத்துதிறனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு எட்டப்பட்டது.

நாங்கள் அதைப் பின்பற்றி, அச்சிட்டு உலர்ந்த தாளை நீர்த்த சோடியம் குளோரைடு கரைசலில் தோய்த்துப் பார்த்தோம். பழுப்புக் கோடு கண்ணெதிரே வெளிறி, வெள்ளியின் நிறத்துக்கு மாறியது. அதுவரை எதுவும் காட்டாத மல்டிமீட்டர் சில ஓம்களைக் காட்டியது. எத்தனையோ முறை செய்த பிறகும் அந்த நிறமாற்றத்தை நான் ஆர்வத்தோடுதான் பார்க்கிறேன். கரைசலின் செறிவு கூடினால் வெள்ளி குளோரைடு உருவாகிக் கோடு கெடும் என்பதையும், சாதாரண எழுதுதாள் மையை உறிஞ்சிவிடுவதால் பூச்சுள்ள ஒளிப்படத் தாளே ஏற்றது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

நுண்துளைகள் வழியே மையைத் தெளிக்கும் இங்க்ஜெட் அச்சுத் தலையைப் பற்றியும் ஒரு சொல். துளைவிட்டத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத் துகள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. துளை 20 மைக்ரோமீட்டர் எனில், 200 நானோமீட்டரைத் தாண்டிய திரள்கள் மையில் இருக்கக் கூடாது. பாகுநிலையை 10 சென்டிபாய்ஸ் அளவிலும் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அளவிலும் வைத்து, துளை வாயில் மை உலராதபடி சிறிது எத்திலீன் கிளைகால் சேர்க்கிறோம்.

வேதியியல் ஆசிரியர்:

ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தாளில் துணைபுரியும் அதே குளோரைடு, தயாரிப்புக் குடுவைக்குள் வந்தால் தொல்லை தரும். குழாய் நீரில் அலசிய கண்ணாடிக் கலங்களில் வெள்ளி நைட்ரேட்டை ஊற்றியதும் பால்போல் கலங்குவது இதனால்தான். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரிலேயே இருக்கட்டும் என்று என் மாணவர்களிடம் இடையறாது வலியுறுத்தி வருகிறேன்.

மாணவி கேட்ட குறைந்த வெப்பத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. 2012-இல் இலினாய் பல்கலைக்கழகத்தின் வாக்கரும் லூயிசும், துகள்களையே தவிர்த்து, வெள்ளி அசிட்டேட், அம்மோனியா, ஃபார்மிக் அமிலம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மையை உருவாக்கினர். 90 டிகிரியில் அது தூய வெள்ளிக்கு நிகரான கடத்துதிறனைத் தந்தது. நிலைநிறுத்தும் பாலிமர் இல்லாததால் அதை அகற்றும் சிக்கலும் இல்லை. ஆனால் அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல்கள் நாள்பட நின்றாலோ உலர்ந்தாலோ வெடிக்கும் தன்மையுள்ள கரிய படிவு உண்டாகக்கூடும். ஆகவே அத்தகைய கரைசலில் தேவையான அளவை மட்டும் தயாரித்து, மிஞ்சியதை அன்றே நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி, வெள்ளிக் கழிவுக்கான கலத்தில் சேர்த்துவிடுங்கள்.